ஏழடிக் கூம்புப்பூவுக்கு ஏற்ற இடம் எது?

டெக்சஸ் மாநிலத்து டாலஸ் புறநகரில் குடியிருக்கும் நீங்கள், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ‘ஏழடி உயரம் வளரும் கூம்புப்பூ’ என்று எழுதியிருந்த சீட்டைப் பார்த்து ஒரு செடியை வாங்கி, உயரமாக வளர்வது பின்னால் இருப்பதே முறை என்று கருதி வேலியோரம் நட்டிருக்கிறீர்கள். முட்டைக்கோஸ் இலையைப் போல நீலம் ஓடிய சாம்பல் நிறத்தில் பெரிய பெரிய இலைகள் வந்திருக்கின்றன. பூ மட்டும் வரவில்லை. ஜூலை பிறந்தால் அடியிலைகள் மஞ்சளடிக்கின்றன. உரம் போடலாமா, பிடுங்கிவிட்டு இலையும் அழகாக உள்ள வேறு உயரமான கூம்புப்பூவை வாங்கலாமா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. படித்தபோது எனக்குத் தோன்றியது, உங்கள் செடிக்கு நோய் என்று எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை, அதற்குக் கிடைத்த இடமே சிக்கல் என்பதுதான். ஆகவே ‘ஏன் பூக்கவில்லை’ என்பதோடு, ‘இந்தச் செடியைத் தோட்டத்தில் எங்கே வைப்பது’ என்பதற்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் தோட்டக்கலை படித்தவன். பதினெட்டு ஆண்டுகளாக ஆர்கன்சாவில் நாற்றுப்பண்ணை ஒன்றிலும், வீட்டுத் தோட்டம் அமைக்கும் வேலையிலும் இருக்கிறேன். உங்கள் வர்ணனையை வைத்துப் பார்த்தால் அது ருட்பெக்கியா மாக்சிமா, அதாவது ராட்சதக் கூம்புப்பூ. படம் இல்லாததால் ஒரு சோதனையை நீங்களே செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஓர் அடியிலையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஊரில் எருக்கிலையைத் தேய்த்தால் மாவு போன்ற பூச்சு அகன்று உள்ளிருக்கும் பச்சை தெரியுமே, அதுபோல இதிலும் மெழுகுப் பூச்சு கையோடு வந்து, தேய்த்த இடம் மட்டும் கரும்பச்சையாகத் தெரியும். இலையில் சுணையே இருக்காது. தொட்டால் சொரசொரவென்று இருந்தாலோ, தேய்த்தும் நிறம் மாறாமல் இருந்தாலோ நீங்கள் வாங்கியது வேறு செடி. அப்போது இந்தப் பதிலின் பெரும்பகுதி உங்களுக்குப் பொருந்தாது.

கூம்புப்பூ என்ற பெயரே குழப்பத்துக்குக் காரணம். நடுவே கூம்பு எழும்பும் சூரியகாந்திக் குடும்பத்துப் பூக்கள் பலவற்றுக்கும் அமெரிக்காவில் இந்த ஒரே பெயர்தான் வழங்குகிறது. ஊதாக் கூம்புப்பூவான எக்கினேசியாவையும் தாவரங்களுக்கு அறிவியல் பெயரிட்ட லின்னேயஸ் 1753இல் ருட்பெக்கியாவுக்குள்ளேயே வைத்திருந்தார். 1794இல்தான் அது தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டது. தாவரவியலாளர்கள் பிரித்துவிட்டார்கள், விற்பனைச் சீட்டுகள் இன்றும் பிரிக்கவில்லை. அதனால் எக்கினேசியாவுக்கு எழுதப்பட்ட ‘வறட்சி தாங்கும், தண்ணீர் அதிகம் வேண்டாம்’ என்ற அறிவுரையைப் படித்துவிட்டு ராட்சதக் கூம்புப்பூவைக் காயப் போடுகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

ருட்பெக்கியா மாக்சிமாவின் தாய்நிலம் உங்களுக்கு அந்நியமான இடம் அல்ல. ஆர்கன்சா, லூசியானா, ஓக்லஹோமா, கிழக்கு டெக்சஸ் என நான்கு மாநிலங்கள் சேரும் பகுதியே அதன் சொந்த ஊர். 1819இல் ஆர்கன்சா பிரதேசம் முழுக்க அலைந்து செடிகள் சேகரித்த தாமஸ் நட்டால்தான் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியவர். இன்று அதைக் காட்டுச் செடியாகப் பார்க்க வேண்டுமானால், ஆர்கன்சாவின் தென்மேற்கு மூலையில் ஜூன் மாதத்தில் சாலையோரப் பள்ளங்களைப் பார்த்துக்கொண்டே வண்டியோட்ட வேண்டும். மேட்டில் இருக்காது, மழைத் தண்ணீர் வடிந்து போகும் வாய்க்காலின் சரிவிலும், ஈரம் தங்கும் புல்வெளியிலும் நிற்கும். அந்த இடத்தைக் கவனித்தால் செடியின் குணம் விளங்கிவிடும்: மார்ச் முதல் ஜூன் வரை வேருக்கு ஈரம், நாள் முழுக்க வெயில், பூத்து முடிந்தபின் ஓரளவு காய்ச்சல். அதன் வறட்சி தாங்கும் திறன் பூத்த பிறகு வருவது. வசந்தத்தில் காயவிட்டால் இலை வரும், தண்டு எழும்பாது.

இனி, பூக்காததற்கு வருகிறேன். இதில் முதல் காரணம் வயதாக இருக்கலாம். விதையிலிருந்து வந்த ருட்பெக்கியா மாக்சிமா முதல் ஆண்டில் இலைக்கொத்தை மட்டுமே உருவாக்கும். இரண்டாம் ஆண்டில் சில பூக்கும், பல மூன்றாம் ஆண்டில்தான் பூக்கும். நீங்கள் வாங்கியது சிறிய தொட்டியில் இருந்த இளங்கன்று என்றால் இன்னும் ஓராண்டு பொறுத்திருப்பதில் தவறில்லை. இரண்டாவது காரணம் நிழல். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் சொன்ன ‘மதியத்துக்கு மேல் வேலி நிழல் விழும்’ என்ற வரி, என் கண்ணுக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது. குறைந்தது ஆறு மணி நேர நேர்வெயில் இல்லாத இடத்தில் இந்தச் செடி உயிரோடு இருக்கும், இலையைக்கூட அகலமாக விரிக்கும், ஆனால் பூத்தண்டு எழுப்பத் தயங்கும். எழுப்பினாலும் வெளிச்சம் உள்ள பக்கமாக வளைந்து சாயும். மூன்றாவது, மேலே சொன்ன வசந்தகால ஈரம். இந்த மூன்றில் உங்கள் செடிக்கு எது பொருந்துகிறது என்பதை இங்கிருந்தபடி என்னால் அறுதியிட முடியாது. பந்தயம் கட்டச் சொன்னால் நிழலின் மேல் கட்டுவேன்.

உரம் இந்த மூன்றில் எதற்கும் மருந்தாகாது. குறிப்பாகத் தழைச்சத்து மிகுந்த புல்தரை உரம் வேண்டவே வேண்டாம். அதைப் போட்டால் இலை இன்னும் பெருக்கும், தண்டு இளகலாக எழுந்து முதல் இடிமழையிலேயே படுத்துவிடும். நான் ஆண்டுக்கு ஒருமுறை, குளிர் முடியும் தறுவாயில், செடியைச் சுற்றி இரண்டு விரற்கடை கனத்துக்கு மக்கிய இலையுரம் பரப்புவதோடு சரி. இலைக்கொத்தின் குருத்தின் மேல் மட்டும் அது விழாமல் பார்த்துக்கொள்வேன்.

அடியிலை மஞ்சளாவதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். மஞ்சளில் வகை பார்க்க வேண்டும். தரையை ஒட்டிய பழைய இலைகள் மட்டும் முழுதாக மஞ்சளாகிப் பின் பழுப்பாகிச் சாய்ந்தால், அது கோடை வெப்பத்தில் செடி தன் பாரத்தைக் குறைத்துக்கொள்வது; டாலஸ் ஜூலையில் அப்படி ஆகாமல் இருந்தால்தான் வியப்பு. செப்டம்பர், அக்டோபரில் வெப்பம் தணிந்ததும் அடியிலிருந்து புது இலைகள் வரும். கடுங்குளிர் இல்லாத ஆண்டுகளில் அவை பனிக்காலம் முழுக்கவும் நிற்கும். மாறாக, புதிதாக வரும் இளம் இலைகள் வெளுத்து, நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தால், அது இரும்புச் சத்து கிடைக்காததன் அடையாளம். உங்கள் பகுதி மண் சுண்ணாம்பு கலந்தது, கார அமில நிலை (pH) 8ஐ ஒட்டி இருப்பது இயல்பு, அதில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது. அப்போது ஈ.டி.டி.எச்.ஏ. வகை இரும்புக் கீலேட்டை, அதாவது சுண்ணாம்பு மண்ணிலும் இரும்பை வேருக்கு எட்டும்படி வைத்திருக்கும் கலவையை, கரைத்து வேருக்கு ஊற்றினால் தேறும். சாதாரண இரும்பு சல்பேட் அந்த மண்ணில் விரைவாகப் பயனற்றுப் போகும். மூன்றாவது வகைதான் ஆபத்தானது: மண் ஈரமாக இருக்கும்போதே இலை துவண்டு மஞ்சளானால் வேர் அழுகுகிறது என்று பொருள். ஒரு விரலை மண்ணுக்குள் முழுதாக இறக்கிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

மண் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். டாலஸைச் சுற்றியுள்ள கருநிலத்தைப் பார்த்தபோது கோவில்பட்டிக்கே திரும்பி வந்துவிட்டதாக எனக்கு ஒரு கணம் தோன்றியது. அது வெறும் மனப்பிரமையும் அல்ல. மண்ணியல் வகைப்பாட்டில் அங்குள்ள ஹூஸ்டன் கருமண்ணும் நம் கரிசலும் வெர்டிசால் என்ற ஒரே பிரிவைச் சேர்ந்தவை. நனைந்தால் உப்பும், காய்ந்தால் கை நுழையுமளவு வெடிக்கும். கரிசலில் கிணறு வெட்டியவர்களுக்கும் வீடு கட்டியவர்களுக்கும் தெரிந்த அந்தக் குணம் இங்கே செடிக்கும் பொருந்தும்: வெடிப்பு விழும்போது வேர் அறுபடுகிறது. எனவே வெயில் ஏறும் முன்பே, மே மாதத்தில், மூன்று அங்குலத்துக்கு மரப்பட்டைத் துண்டுகளையோ காய்ந்த இலைகளையோ மூடாக்காகப் போட்டுவிடுங்கள். இன்னொரு தவறு, ஆழமாக ஒரு குழி வெட்டி, தோண்டிய மண்ணைத் தள்ளிவிட்டு, கடையில் வாங்கிய தொட்டி மண் கலவையால் குழியை நிரப்புவது. களிமண்ணுக்கு நடுவே அந்தக் குழி தண்ணீர்த் தொட்டியாகிவிடும். மழைக்காலத்தில் நிரம்பினால் வடியாது. தோண்டிய மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மக்குரம் கலந்து, அகலமான பரப்பில் கொத்திவிட்டு, சுற்றுப்புறத்தைவிட இரண்டு அங்குலம் மேடாக நடுவதே கரிசலுக்கு ஏற்றது.

இப்போது இடத்தைப் பற்றி. இந்தச் செடியின் உயரம் பின்வரிசையைக் கேட்கிறது, இலை முன்வரிசையைக் கேட்கிறது. ஒன்றரை அடி நீளம் வரை வளரும் அந்த நீலச்சாம்பல் இலைகள் எல்லாம் தரையிலிருந்து இரண்டு, மூன்று அடிக்குள் கொத்தாக அமைந்துவிடுகின்றன. அதற்கு மேல் எழும் பூத்தண்டில் இலைகள் சிறுத்து, காம்பில்லாமல் தண்டைக் கட்டிப்பிடித்தபடி, மேலே போகப் போக விரலளவாகிவிடும், உச்சியில் பூ. ஆக ஏழடி என்பது பெயரளவில்தான் ஏழடி. புதரைப் போல எதையும் மறைக்காது. ஜன்னல் கம்பிகளுக்கு இடையே பார்ப்பதுபோலப் பின்னால் இருப்பதெல்லாம் தெரியும். இது எனக்குப் புத்தகத்திலிருந்து வந்த அறிவு அன்று. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, ஒரு வீட்டில் உயரமாக வளரும் ஸ்விட்ச் புல்லுக்குப் பின்னால் ஏழு செடிகளை வரிசையாக நட்டுவிட்டு வந்தேன். மறு ஆண்டு ஜூனில் வீட்டுக்கார அம்மா என்னைக் கூப்பிட்டு, பண்ணையில் நான் காட்டிய அந்த நீல இலைச் செடி எங்கே என்று கேட்டார். புல்லுக்கு மேலே மஞ்சள் பூக்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவர் விரும்பிப் பணம் கொடுத்த இலை முழுதும் புல்லுக்குப் பின்னால் கிடந்தது. அந்த இலையுதிர் காலத்தில் ஏழையும் பெயர்த்து, நடைபாதை வளையும் இடத்தில் மூன்றும் நான்குமாகப் பாதையோரமே வைத்தேன். கூலி கேட்கவில்லை.

ஆகவே என் முடிவான யோசனை, உங்கள் செடியை வேலியிலிருந்து முன்னுக்குக் கொண்டுவாருங்கள் என்பதே. நடைபாதை ஓரமோ, வாசல் படியின் பக்கவாட்டோ, காலை வெயிலும் மாலை வெயிலும் படும் இடமாகப் பார்த்து வையுங்கள். செடிக்குச் செடி மூன்றடி விட்டால், மூன்றாம் ஆண்டில் இலைக்கொத்துகள் ஒன்றையொன்று தொடும். சுற்றி நடுவது முழங்கால் உயரத்துக்கு மேல் போகாததாக இருக்கட்டும். இன்னொரு சிறு எச்சரிக்கை: தலைக்கு மேல் தெளிக்கும் தெளிப்பானை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். உப்புத் தண்ணீர் உலர்ந்த வெள்ளைப் புள்ளிகள் அந்த மெழுகுப் பூச்சின் மேல் அப்பட்டமாகத் தெரியும், துடைத்தால் பூச்சும் சேர்ந்து போகும். சொட்டுநீர்க் குழாய் போதும்.

பூவைப் பற்றியும் கொஞ்சம் எழுத ஆசை. மொட்டு விரியும்போது நடுவிலுள்ள கூம்பு பச்சையாக, குட்டையாகத்தான் இருக்கும். அடுத்த நாட்களில் அது கறுத்துக்கொண்டே நீளும். முடிவில் இரண்டு அங்குலத்துக்கு மேல் நிற்கும், சுற்றியுள்ள மஞ்சள் இதழ்கள் தாவணி முந்தானைபோலத் தொங்கிவிடும். கூம்பில் நெருக்கமாக அமைந்த சிறுபூக்கள் அடியிலிருந்து மேல்நோக்கி வரிசை வரிசையாகத் திறப்பதால், மகரந்தம் ஒரு மஞ்சள் வளையமாக ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். தேனீக்கள் அந்த வளையத்தை மட்டும் சுற்றிச் சுற்றி வருவதைக் காலையில் காப்பியோடு நின்று பார்க்கலாம். பூத்து முடிந்ததும் தண்டை வெட்டாதீர்கள். வெயிலில் சத்துக் குறைந்த மண்ணில் வளர்ந்த தண்டு கொம்பு கட்டாமலே நிற்கும்; கறுத்த கூம்புகளைக் குளிர்காலத்தில் தங்கமஞ்சள் குருவிகள் தலைகீழாகத் தொங்கிக் கொத்தும். பிப்ரவரி கடைசியில் அடியோடு நறுக்கினால் போதும். குளிரைப் பற்றி அச்சம் வேண்டாம்: 2021 பிப்ரவரியில் டாலஸ் விமான நிலையத்தில் பதிவான மைனஸ் 19 பாகை செல்சியஸ், இந்தச் செடி தாங்கும் அளவுக்குள்ளேயே அடங்கும்.

பெருக்குவது கடினமில்லை. விதையை ஈரமணலோடு கலந்து ஒரு மாதத்துக்குமேல் குளிர்பதனப் பெட்டியில் வைத்து விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும். அந்தத் தொல்லை வேண்டாமென்றால் நவம்பரிலேயே விதைத்துவிட்டுக் குளிரைத் தன் வேலையைச் செய்யவிடலாம். விரைவாகப் பூ வேண்டுமானால் நான்கைந்து ஆண்டு வயதான கொத்தை மண்வெட்டியால் பிளந்து நடுவதே நல்லது. உங்கள் செடி அந்த வயதுக்கு வரவில்லை, இப்போது பிளக்காதீர்கள்.

பூச்சி, நோய் என்று பார்த்தால் இதற்குப் பெரிய பகைவர் இல்லை. ஈரமான வசந்தத்தில் நத்தைகள் இளங்குருத்தை ஓட்டையிடும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பூ மஞ்சளாக வராமல் பச்சையாக, கூம்பின் மேல் இலைக்கொத்து முளைத்ததுபோல உருக்குலைந்து வந்தால், தத்துப்பூச்சி பரப்பும் ஆஸ்டர் மஞ்சள் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. செடியை வேரோடு எடுத்துக் குப்பையில் போட வேண்டும். எக்கினேசியாவில் இதே போன்ற உருக்குலைவைக் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிலந்திப்பேனும் உண்டாக்கும் என்பதால், பக்கத்தில் அதுவும் இருந்தால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சந்தேகமிருந்தால் மாவட்ட வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் ஒரு கிளையைக் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

வேறு உயரமான கூம்புப்பூ உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, ஆனால் இலைக்காக மாக்சிமாவுக்கு ஈடாக நான் எதையும் சொல்ல மாட்டேன். கிழக்கு அமெரிக்காவின் ஆற்றோரங்களில் வளரும் ருட்பெக்கியா லாசினியாட்டா பத்தடி வரைகூடப் போகும்; இலை கைவிரல்போல ஆழமாகப் பிளந்திருக்கும். அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்கள் அதை ‘சோச்சான்’ என்று அழைத்து, வசந்தத்துக் கொழுந்தைக் கீரையாகச் சமைக்கிறார்கள். கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் அதைப் பறிக்கும் உரிமை 2019இல் ஏற்பட்ட உடன்பாட்டின் மூலம் அவர்களுக்கு மீண்டும் கிடைத்தது. ஆனால் தோட்டத்தில் அது தரைக்கடியில் ஓடிப் பரவும். ஜப்பானில் அயல் ஆக்கிரமிப்புச் செடியாக அறிவித்து வளர்ப்பதையே தடை செய்திருக்கிறார்கள். தண்டில் சிவப்பு அசுவினியும் ஏறும். ‘ஹெர்ப்ஸ்ட்சோன்னெ’ என்ற ரகம் பரவாமல் கொத்தாக நிற்கிறது. அதை லாசினியாட்டா என்றும் நிடிடா என்றும் பண்ணைக்குப் பண்ணை வேறு வேறு பெயரில் விற்பார்கள், பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். இதழே இல்லாமல் கறுப்புக் கூம்பு மட்டும் நிற்கும் ருட்பெக்கியா ஆக்சிடென்டாலிஸ் படத்தில் மயக்கும். மேற்கு மலைகளின் குளிர்ந்த ஈரத்தில் வளர்வது அது, டாலஸ் கோடைக்கு வாங்கிக் காசை விரயமாக்காதீர்கள்.

இடம் மாற்றும் வேலையை அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விட்டு, கொத்தைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை நேராக இறக்கி, மண்கட்டி உடையாமல் தூக்குங்கள். பெரிய இலைகளில் பாதியைக் கத்தரித்துவிட மனம் வராது, கத்தரித்தால்தான் பிழைக்கும். ஆட்டம் கண்ட வேர் ஒரு பருவத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால் வருகிற ஜூனில் ஒரு தண்டு எழுந்தாலே நல்ல குறி. எழாவிட்டால், மே மாத நடுவில் காலை ஒன்பது, மதியம் ஒன்று, மாலை ஐந்து மணிக்குச் செடியின் மேல் வெயில் எப்படி விழுகிறது என்று மூன்று படங்கள் எடுத்துப் போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.